பிளக் மாற்றினேன், டர்போ ஏறியதும் எஞ்சின் திணறுகிறது. அவசரம்!

உட்லண்ட்ஸ்வாசி (சனி, இரவு 10:52)
வணக்கம். இன்று நானே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பிவிட்டது. நிற்கும்போது சீராக ஓடுகிறது, புளோக்கைச் சுற்றி மெதுவாக ஓட்டினாலும் ஒரு குறையும் தெரியவில்லை. சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி அழுத்தியதும் உதறுகிறது, மஞ்சள் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. புது பிளக், சரியான பிளக்தான். திங்கட்கிழமை காலை மாமியாரைச் சாங்கி விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டும். என்ன கோளாறாக இருக்கும்?

பூன்லே_அக்கா (10:59)
என்ன கார் தம்பி? அதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள்.

பழையபிஸ்டன் (11:04)
'சரியான பிளக்' என்ற பெயரில் எந்த நிறுவனமும் பிளக் தயாரிப்பதில்லை. வண்டி எது? எஞ்சின் எது? பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் என்ன? பிளக் நுனியில் பொறி தாண்டும் இடைவெளியை அளந்தீர்களா? இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினீர்களா? என்ன பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறது? இவை எதையும் சொல்லாமல் கோளாறு கேட்பது, ஜாதகத்தைக் காட்டாமல் பலன் கேட்பது போன்றது. புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு எழுதினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

பாலம்_தாண்டி (11:10)
கடைசியாக ஜோகூரில் பெட்ரோல் போட்டீர்களா? அங்கே நம் சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் கிடையாது, 97 போட்டிருப்பீர்கள். டர்போ வண்டிக்கு 98 பழக்கமாகியிருந்தால் வித்தியாசம் தெரியும். என் சந்தேகம் முதலில் பெட்ரோல் மீதுதான்.

நீலக்குதிரை (11:16)
பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் போய்விட்டது. பார்க்க வேண்டியதே இல்லை. நான்கையும் மாற்றிவிடுங்கள், நிம்மதி.

பழையபிஸ்டன் (11:21)
நேற்றுவரை ஓடிய காயில், பிளக் மாற்றிய அன்றே தானாகப் போய்விட்டதா? நல்ல சாத்திரம்.

உட்லண்ட்ஸ்வாசி (11:34)
மன்னிக்கவும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, 2012, 2.5 லிட்டர். வாகன உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். பிளக் என்ஜிகே ஐஎல்எஃப்ஆர்6பி, இணையக் கடையில் வாங்கியது. இடைவெளி அளக்கவில்லை. டார்க் ரெஞ்ச் இல்லை, கைக்கணக்குதான். குறியீடு படிக்கும் கருவியும் இல்லை. பெட்ரோல் இங்கே போட்ட 98.

பூன்லே_அக்கா (11:41)
இணையக் கடையா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இந்தப் பிளக்கில் போலி நிறைய வருகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் உள்ள எழுத்து மங்கலாக இருக்கிறதா, மரையில் இருக்கும் வாஷர் தானாகக் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். விலை பாதியாக இருந்தால் பார்க்கவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம். கடையின் பெயரை மட்டும் இங்கே போடாதீர்கள், சண்டை வரும்.

காக்கிபுக்கிட்காரன் (ஞாயிறு, காலை 7:15)
இரவு கடை மூடிவிட்டு வந்து தூங்கிவிட்டேன். தம்பி, முதலில் ஒன்று. விளக்கு மினுக்கினால் அழுத்தி ஓட்டாதீர்கள். நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிக்குள் போய் எரியும், மாற்றி சிவக்கச் சூடாகி உருகிவிடும். பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. மாற்றி கெட்டால் புகைச் சோதனையில் தேறாது, செலவும் பிளக்கைப் போலப் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோளாறு. நிற்கும்போது நன்றாக ஓடி, டர்போ ஏறும்போது மட்டும் திணறுகிறது என்றால் பொறி பலவீனமாக இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். டர்போ காற்றைத் திணிக்கும்போது அந்தத் தேவை மளமளவென்று ஏறும். அப்போது மின்சாரம் சுலபமான வேறு வழி இருந்தால் அதில் போய்விடும். திணறலுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருப்பது, பீங்கானில் விரிசல், காயில் ரப்பர் உறையில் எண்ணெயோ கிழிசலோ. வால்வு மூடியின் உள்சீல் கசிந்தால் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கும், இந்த எஞ்சினில் அது சகஜம்.

கேள்வி: கழற்றும்போது எந்தப் பக்கம் சிரமப்பட்டது? பின்புறப் பிளக்குக்கு, சாக்கெட்டுக்கும் ராட்செட்டுக்கும் நடுவே வளையும் இணைப்பு போட்டீர்களா?

நீலக்குதிரை (7:48)
மரையில் செப்பு கிரீஸ் தடவினீர்களா? அலுமினியத் தலை. தடவாவிட்டால் அடுத்த முறை பிளக்கோடு மரையும் வந்துவிடும். நான் எப்போதும் தடவுவேன்.

பழையபிஸ்டன் (8:02)
ஏன் மரை வருகிறது தெரியுமா? தடவுவதால்தான். என்ஜிகே பிளக் மரையில் ஏற்கெனவே முலாம் பூசித்தான் வருகிறது. கிரீஸ் தேவையில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே அளவு டார்க் வைத்தாலும் பிளக் கூடுதலாக இறுகும், மரை நீளும்.

நீலக்குதிரை (8:10)
பதினைந்து வருடமாகத் தடவுகிறேன், ஒரு மரையும் நீளவில்லை ஐயா.

பழையபிஸ்டன் (8:13)
புகைபிடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தவரும் உண்டு.

நீலக்குதிரை (8:15)
புத்தகத்தில் படித்ததை எழுதுவது சுலபம். காக்கிபுக்கிட் அண்ணன் சொல்லட்டும், கடையில் தடவுவீர்களா மாட்டீர்களா?

பாலம்_தாண்டி (8:20)
இவ்வளவு பேசுவதற்கு ஜோகூரில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். பாலத்தில் நிற்கும் நேரம் தனிக் கணக்கு.

காக்கிபுக்கிட்காரன் (8:44)
நான் தடவுவதில்லை. எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் கழற்றினால் போதும். சூடான அலுமினியத்தில் கழற்றினால் கிரீஸ் போட்டிருந்தாலும் மரை வரும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், புது பிளக் கையால் முழுமையாக உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று மட்டும் திருப்பினால் வாஷர் சரியாக நசுங்கும். பயன்படுத்திய பிளக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியது. இதோடு கிரீஸை விட்டுவிடுங்கள், கேட்டவர் காத்திருக்கிறார்.

பூன்லே_அக்கா (8:51)
என் ஃபாரஸ்டர் டர்போவுக்கு இடைவெளி சரிபார்க்கிறேன் என்று காசு போன்ற வட்ட அளவியை நுழைத்து, இரிடியம் நுனியை ஒடித்தார் ஒருவர். அது என் கணவர் என்று சொல்லமாட்டேன். நுனி 0.6 மில்லிமீட்டர்தான். கம்பி அளவியால் மட்டும், தொட்டும் தொடாமலும் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி (11:20)
இடது பின்பக்கம்தான் கஷ்டம். பேட்டரியையும் கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டியையும் எடுத்த பிறகும் கை நுழையவில்லை, வளையும் இணைப்பு போட்டேன். பக்கத்து புளோக் நண்பரிடம் குறியீடு படிக்கும் ஓபிடி கருவி இருந்தது. பி0304 காட்டுகிறது.

காக்கிபுக்கிட்காரன் (11:27)
நினைத்தேன். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். வலப்பக்கம் 1, 3. இடப்பக்கம் 2, 4. குறியீட்டின் கடைசி எண்தான் சிலிண்டர்; 0304 என்றால் 4, இடது பின்பக்கம், உங்களுக்குக் கை நுழையாத அதே இடம்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சின் ஆறட்டும். 4இன் காயிலையும் 2இன் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள், பிளக்கைத் தொடாதீர்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சிறிய ஏற்றத்தில் ஒரே ஒரு முறை லேசாக அழுத்துங்கள். 0302 வந்தால் காயில் குற்றவாளி, நீலக்குதிரை வென்றார். மீண்டும் 0304 வந்தால் பிளக். அப்படியானால் அதைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். வளையும் இணைப்பு சாய்ந்து அழுத்தினால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அதன் வழியே மின்சாரம் ஓடினால் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.

பழையபிஸ்டன் (11:40)
முதல் பதிவிலேயே குறியீட்டைக் கேட்டிருந்தேன் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

பாலம்_தாண்டி (11:43)
பணிவு என்று சொன்னதால்தான் தெரிந்தது.

உட்லண்ட்ஸ்வாசி (மாலை 6:31)
0304 தான் மறுபடியும். கழற்றினேன், கறுப்புக் கோடு இருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய பிளக்கைப் போட்டிருக்கிறேன், மிதித்துப் பார்த்தேன், உதறவில்லை. அண்ணனுக்கு மிக்க நன்றி. அக்கா, பிளக் போலி இல்லை.

காக்கிபுக்கிட்காரன் (6:50)
நல்லது. இரண்டு விஷயம். அந்தக் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு பதிந்திருக்கிறதா பாருங்கள். பதிந்திருந்தால் உறையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பிளக்கையும் அது கெடுத்துவிடும். பழைய பிளக்கோடு நீண்ட நாள் ஓட்டாதீர்கள், ஒன்று மட்டும் வாங்கி மாற்றுங்கள். உறையைப் பார்த்தீர்களா?

பூன்லே_அக்கா (திங்கள், பிற்பகல் 2:05)
தம்பி, மாமியார் வந்து சேர்ந்தாரா? உறையைப் பார்த்தீர்களா என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

தோபாயோ_புதியவன் (வியாழன், இரவு 9:12)
இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கார்தான், அடுத்த வாரம் மாற்றப் போகிறேன். வளையும் இணைப்பு இல்லாமல் இடது பின்பக்கத்தை எப்படிக் கழற்றுவது?

காக்கிபுக்கிட்காரன் (9:30)
16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், உள்ளே ரப்பர் உள்ளதாக வாங்குங்கள். எல்லாவற்றையும் வெளியே மாட்டிவிட்டு நுழைக்காதீர்கள், இடம் போதாது. சாக்கெட்டை மட்டும் முதலில் குழிக்குள் விடுங்கள், பிறகு குட்டை நீட்டிப்பை அதில் செருகுங்கள், கடைசியில் ராட்செட். நேராக நிற்கும். புது பிளக்கை உள்ளே விடும்போது முதல் சில சுற்றுகளை விரலால் மட்டும் திருப்புங்கள். இடித்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நீலக்குதிரை (9:41)
கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டால் விரலாலேயே போகும்.

பழையபிஸ்டன் (9:42)
மறுபடியுமா?