4.5 வோல்ட் காட்டுது, ஆனா மோட்டார் சுத்தல. ஏன்?

கேள்வி (சிவில், முதலாமாண்டு):
9 வோல்ட் பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு 1 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்தேன். நடுவில் மல்டிமீட்டர் 4.5 வோல்ட் காட்டுகிறது. அங்கே பொம்மைக் கார் மோட்டாரை மாட்டினால் அசையவே இல்லை. மோட்டார் போச்சா?

பதில் 1:
மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். அதை மாட்டியபடியே மறுபடி அளந்து பாருங்கள், 0.1 வோல்ட் தேறினாலே அதிகம். நிற்கும் மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) சில ஓம்தான். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக அது வந்ததும், ஏறக்குறைய 9 வோல்ட்டும் மேல் ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும். அதன் வழியே அதிகபட்சம் 9 மில்லிஆம்ப்தான் வரும். மோட்டாருக்கு 100, 200 வேண்டும். டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காததால்தான் அதில் மட்டும் 4.5 தெரிகிறது.

பதில் 2:
உடனே 1 கிலோஓமுக்குப் பதில் இரண்டு 10 ஓம் போடலாமே என்று கிளம்பிவிடாதீர்கள்! பேட்டரி தாக்குப்பிடித்தால், மோட்டார் இல்லாமலே 0.45 ஆம்ப் ஓடும். ஒவ்வொன்றிலும் 2 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் கருகும். மூன்று ஏஏ செல் ஹோல்டர் வாங்குங்கள்.

கேட்டவர்:
அப்போ வோல்ட்டைப் பிரிக்கும் இந்த ரெண்டு ரெசிஸ்டர் டிவைடர் எதுக்குத்தான்?

பதில் 1:
சிக்னலுக்கு. எல்டிஆரோடு (வெளிச்சத்துக்கேற்ப ஓம் மாறும் ரெசிஸ்டர்) 10 கிலோஓம் சேர்த்து, நடுப்புள்ளியை ஆர்டுயினோ போர்டில் வோல்ட்டை அளக்கும் அனலாக் பின்னுக்குக் கொடுங்கள், அழகாக வேலை செய்யும்.