லிசனிங் ஆர்டர்: தமிழில் என்ன? (வெள்ளி மதியத்துக்குள் வேண்டும்)

திருநகர், செவ்வாய் காலை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும், அவசரம். நான் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன் என்பது இந்தக் குழுவில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை விடுதியில் ஒலிநூல் கேட்போம். இந்த வருடம் பிள்ளைகள் பிடிவாதமாக சூப்பர் ஹீரோ கதைதான் வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில் ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்தி நான் தமிழில் சொல்வேன். போன மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன். வேஸ்ட்லேண்டர்ஸ் என்று மார்வெல் ஒலி நாடகம் இருக்கிறதே, ஆறு தொடர், அதில் ஆறாவதை முதலில் போட்டுவிட்டேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், இவங்கெல்லாம் யாரு, ஏற்கெனவே சண்டை போட்டவங்க மாதிரி பேசிக்கிறாங்க" என்றான்.

அதனால் எதற்கு அப்புறம் எது என்று ஒரு தாள் தயாரிக்கிறேன், ப்ரெயிலில். தலைப்பில் லிசனிங் ஆர்டர் என்பதற்குத் தமிழில் என்ன போடுவது? வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது.

செல்லூர், செவ்வாய் மதியம்

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நல்ல கேள்வி. 'கேள்வி' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. வள்ளுவர் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வைத்து, செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம் என்கிறார். கேட்டறிவதற்குப் பெயர் கேள்வி. ஆனால் இன்று கேள்விமுறை என்றால் காவல் நிலைய விசாரணை என்று நினைப்பார்கள், அது நம் காலத்தின் குறை. எனவே வினையடியிலிருந்து போவோம். கேள் + நிரல், நிரல் என்றால் வரிசை. தனி நெடிலுக்குப் பின் வரும் ளகரம் நகரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும், நாள் + நன்று நாணன்று ஆவதுபோல, கேணிரல். வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் பொருந்தும், கேட்ட நிரல், கேட்கிற நிரல், கேட்கப்போகும் நிரல். இதைவிடச் செறிவாக ஒரு சொல் அமையாது.

திருமங்கலம், செவ்வாய் மதியம்

வாத்தியாரய்யா, கேணிரல் என்றால் பிள்ளைகள் கேணிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். நம்ம ஊரில் 'கேணை' என்று யாரைச் சொல்வோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். லிஸ்ட் என்று போடுங்கள், முடிந்தது.

மேலூர், செவ்வாய் இரவு

ஐயா சொன்ன சொல்லை இப்போதுதான் என் ஸ்கிரீன் ரீடரில் கேட்டேன். நான் எதையும் கண்ணால் படிப்பதில்லை, காதால்தான். "கேணி ரல்" என்று இரண்டாக உடைத்துச் சொன்னது. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத்துக்கூட்டிக் கேட்டேன். இந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிறவர்கள். தாளைத் தடவிப் படித்தாலும் அடுத்த பையனிடம் வாயால்தான் சொல்வார்கள். இன்னொன்று, நிரல் என்றால் எங்கள் வேலையில் புரோகிராம். நான் நாள் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். கேட்பு வரிசை என்று வைக்கலாமே?

திருமங்கலம், செவ்வாய் இரவு

தம்பி, முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். கேட்பு வரைவோலை என்றால் டிடி. கேட்பு வரிசை என்றால் டிடி எடுக்க நிற்கிற கியூ. எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் சலான் நிரப்பத் தோன்றுகிறது.

வில்லாபுரம், புதன் காலை

எல்லோரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள், பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லையே. இதில் மூன்று வரிசை இருக்கிறது டீச்சர். ஒன்று, எது முதலில் வெளியானது. இரண்டு, கதைக்குள் எது முதலில் நடந்தது. மூன்று, புதிதாக வருகிற ஆளுக்கு எதை முதலில் கொடுத்தால் ஓடிப்போகாமல் உட்காருவான். மூன்றாவதுதான் லிசனிங் ஆர்டர், முதல் இரண்டிலிருந்தும் எடுத்துக் கலந்து யாரோ ஒருவர் முடிவு செய்வது.

சினிமாவிலேயே பாருங்கள். அயர்ன் மேன் வந்தது 2008. கேப்டன் அமெரிக்கா முதல் படம் 2011, ஆனால் கதை இரண்டாம் உலகப் போர்க் காலம். கேப்டன் மார்வெல் 2019, கதை நடப்பது 1995. கதைக்காலப்படி போட்டால் 2011, 2019, அப்புறம்தான் 2008. அப்படிப் பார்த்தால் பின்னால் வர வேண்டிய ஆச்சரியம் முன்னாலேயே உடைந்துவிடும். வேஸ்ட்லேண்டர்ஸில் இந்தத் தொல்லை கம்மி. 2021 ஜூனில் ஸ்டார்-லார்ட், அப்புறம் ஹாக்கை, 2022-இல் பிளாக் விடோ, வுல்வரின், டூம், கடைசியில் எல்லோரும் சேர்கிற ஆறாவது. வந்த வரிசையிலேயே கேட்டால் போதும். டீச்சர் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது ஒலிநூல் இல்லை. ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது ஒலிநூல். இதில் ஆளுக்கொரு குரல், சத்தம், இசை எல்லாம் உண்டு.

செல்லூர், புதன் மதியம்

தங்கச்சி சொன்னதைப் படித்ததும் மதியத் தூக்கம் போய்விட்டது. அம்மா, நீ புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, பவணந்தி நன்னூலில் எட்டாகப் பிரித்து வைத்ததைத்தான் சொல்கிறாய். பொருள்கோள்! ஒரு பாட்டில் சொற்களை எந்த முறையில் எடுத்துப் பொருள்கொள்வது என்பதுதானே அது. ஒரு தொடரின் கதைகளை எந்த முறையில் எடுத்துக் கேட்பது என்பது அதன் பெரிய உருவம்.

ஆற்று நீர் மாதிரி மேலிருந்து கீழே திரும்பாமல் போனால் யாற்றுநீர். வேஸ்ட்லேண்டர்ஸ் அது. வைகையில் தண்ணீர் வந்தால் எப்படிப் போகுமோ அப்படி. முன்கதையைப் பின்னால் வெளியிடுகிறார்களே, அது அளைமறிபாப்பு. பாம்பு புற்றுக்குள் தலையை விடும், உள்ளே போனதும் தலை திரும்பி மேலே வரும். கடைசியில் நிற்கும் சொல் நடுவுக்கும் முதலுக்கும் போய்ப் பொருள் தருவது. 2019 படம் 2008-க்கு முன்னால் போய் உட்கார்கிறது என்றாயே, அது பாம்புதான். எதை எங்கே வைத்துக் கேட்டாலும் பொருள் கெடாத தனிக்கதைகள் அடிமறிமாற்று. ரசிகர்கள் அங்கொன்றும் இங்கொன்றும் எடுத்துக் கோத்துப் பட்டியல் போடுவது கொண்டுகூட்டு. விற்பூட்டுக்கும் ஒரு கதை கிடைக்கும், முதலும் கடைசியும் பூட்டிக்கொண்டு நடுவில் எல்லாம் நினைவில் ஓடுவது.

எனவே சொல் ஏற்கெனவே இருக்கிறது. கேட்கோள். பொருள்கோள், மேற்கோள், கேட்கோள்.

மேலூர், புதன் மாலை

ஐயா, அளைமறிபாப்பு அருமை, நிஜமாகவே. பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கு இருபது வருடம் கழித்து இன்றுதான் அர்த்தம் தெரிந்தது. ஆனால் கேட்கோளை ரீடர் "கேட்க ஆள்" என்பதுபோலச் சொல்கிறது. கேட்க ஆள் இல்லாத வீடு என்பார்களே, அந்த மாதிரி.

திருமங்கலம், புதன் மாலை

அய்யா, பாம்பு, புற்று, வில் எல்லாம் சரி. ஏழாம் வகுப்புப் பையன் ராத்திரி எட்டு மணிக்கு அடுத்து எது என்று பார்க்கத் தாளை எடுக்கிறான். அவனுக்குப் பவணந்தி வேண்டாம், எண் வேண்டும். காதால் கேட்பதற்குத் தோதான சரக்கா இது என்பதே எனக்குச் சந்தேகம். பறக்கிறான், அடிக்கிறான், எல்லாம் படம் போட்ட புத்தகத்துக்குப் பிறந்தது.

வில்லாபுரம், புதன் இரவு

அங்கிள், மன்னிக்கணும், அது தப்பு. சூப்பர்மேன் வானொலி நாடகம் 1940-இலேயே தொடங்கிவிட்டது. அவனைச் சாய்க்கிற கிரிப்டனைட் கல் இருக்கிறதே, அது முதலில் வந்ததே வானொலியில்தான், 1943. சித்திரக்கதைக்கு அது போய்ச் சேர 1949 ஆகிவிட்டது. காதுக்குப் பிறந்தது ஆறு வருடம் கழித்துத்தான் கண்ணுக்கு வந்தது.

செல்லூர், வியாழன் அதிகாலை

காதுக்குப் பிறந்தது என்றதும் ஒன்று நினைவு வந்தது. நம்ம மதுரைச் சங்கத்திலேயே நடந்ததாகச் சொல்லும் கதை. இறையனார் களவியல் என்ற நூலுக்குப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்துவிட்டார்கள், எது மெய்யுரை என்று வழக்கு. தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்தது யாரை? உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை. ஊமை. எல்லோரும் வாசிக்க வாசிக்கச் சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடத்தில் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். இதுவே உரை என்று தெளிந்தார்கள். அந்த உரையும் பத்துத் தலைமுறை ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு வந்தது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது.

இப்போது என் ஐயம்: நக்கீரரை முதலில் வாசிக்கவிட்டிருந்தால் அந்தப் பிள்ளை இளநாகனாருக்கு ஒரு சொட்டாவது விட்டிருப்பானா? கேட்கும் முறை தீர்ப்பையே மாற்றும். எனவே இதை வரிசை என்று சொல்லிக் கடைச்சரக்கு ஆக்க வேண்டாம். சீர்வரிசைத் தட்டுத்தான் நினைவுக்கு வரும். முறை என்றும் வேண்டாம், மேலூர்ப் பக்கம் செய்முறை என்றால் மொய். அடைவு என்ற பழஞ்சொல் முறைமையைக் குறிக்கும், அடைவே என்றால் முறையாக. செவி + அடைவு, செவியடைவு. ரீடரில் ஓட்டிப் பாருங்கள் தம்பி, தேனாக இருக்கும்.

மேலூர், வியாழன் காலை

ஓட்டினேன் ஐயா. நன்றாகவே சொல்கிறது. ஆனால் கேட்டதும் காது அடைத்துக்கொண்டது என்றுதான் எனக்குப் பட்டது. செவி அடைப்பு. பார்வையில்லாத பிள்ளைகளின் தாளில் காது அடைப்பு என்று தலைப்பு வேண்டாம்.

திருநகர், வியாழன் மதியம்

அடைவு என்றால் எங்கள் பள்ளியில் அடைவுத்தேர்வு. அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் தாளை மூடி வைத்துவிடுவார்கள். செல்லூர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

செல்லூர், வியாழன் மதியம்

கோபமில்லை. ப்ரெயிலில் எத்தனை கட்டம் என்று எண்ணினீர்களா? பேரனிடம் அட்டவணை வாங்கி எண்ணினேன். புள்ளி தனிக் கட்டம், உயிர்க்குறி தனிக் கட்டம். கேட்பு வரிசை நடுவில் இடைவெளியோடு பன்னிரண்டு. செவியடைவு ஒன்பதுதான். கேணிரல் ஏழு!

மேலூர், வியாழன் மாலை

எண்ணிக்கை சரிதான் ஐயா, ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் ப்ரெயில் தாளில் ஒரு வரிக்குப் பெரும்பாலும் நாற்பது கட்டம். மூன்று கட்டம் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம். தலைப்பு ஒரே ஒரு தடவைதான் வருகிறது. நான் கேட்பை விட்டுவிடுகிறேன், டிடி வேண்டாம். கேட்கும் வரிசை. பதினான்கு கட்டம், விளக்கம் தேவையில்லை.

திருமங்கலம், வியாழன் மாலை

வழிமொழிகிறேன். சாப்பிடப் போகிறேன்.

வில்லாபுரம், வியாழன் இரவு

எனக்கும் சரி. ஆனால் உள்ளே வெளியான வரிசை, கதைக்கால வரிசை என்று இரண்டையும் தனியாகப் போட்டுவிடுங்கள் டீச்சர். வரிசை என்று பொதுச்சொல் இருப்பதில் அந்த வசதி இருக்கிறது, முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

செல்லூர், வியாழன் இரவு

கேட்கும் வரிசை என்பது கலைச்சொல் அன்று, விளக்கம். பெயரெச்சத்தை முன்னால் வைத்து எழுதினால் எல்லாமே சொல் ஆகிவிடுமா? நாளை இதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்? பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. என் குறிப்பேட்டில் செவியடைவு என்றே இருக்கும்.

திருநகர், வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். தலைப்பு கேட்கும் வரிசை. உள்ளே வில்லாபுரம் சொன்ன இரண்டும் இருக்கின்றன. முன்கதை வருகிற இடத்தில் மட்டும், ஐயா சொன்னபடி, ஒரு சின்னக் குறிப்பு: பாம்பு திரும்புகிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் நன்றி.

வில்லாபுரம், வெள்ளி மதியம்

டீச்சர், சூப்பர் ஹீரோவுக்கு என்ன போட்டீர்கள்?

திருநகர், வெள்ளி மதியம்

சூப்பர் ஹீரோ என்றே போட்டேன். தயவுசெய்து அதைத் தொடங்காதீர்கள்.

செல்லூர், வெள்ளி மாலை

அதிநாயகர் என்று சிலர் எழுதுகிறார்கள், 'அதி' வடமொழி. மீ என்று நமக்கு முன்னொட்டு இருக்கிறது, மீமிசை, மீக்கூறு, இவற்றை நோக்குக. மீ என்பது மேல் என்பதன் மூலம் என்றே நான் கருதுகிறேன், முதலில் அதைப் பார்ப்போம்