உலக்கை எத்தனை தடவை விழுந்தது?

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. அரையாண்டு விடுமுறை. வளைய சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகவே போகிறது என்று தெரிந்ததும், மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. கிரகணக் கண்ணாடியெல்லாம் தயார்.

வீட்டில் நிலவரம் வேறு. என் தங்கை வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். எட்டு மணிக்கெல்லாம் அவளை உள்ளறையில் உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்துவிட்டார் அம்மா. ஊசி, கத்தி எதையும் தொடக்கூடாது. தயிர்ச் சட்டியில் தர்ப்பை. நான் வாயைத் திறந்ததும், "உன் பிள்ளைய நீ என்ன வேணா பண்ணிக்க. இவ என் பொறுப்பு" என்றார். அப்புறம் என்ன பேசுவது?

ஒன்பதரை மணி வாக்கில் வளையம் தெரிந்தது. மூன்று நிமிடம்தான். அதில் ஒரு நிமிடத்தை மகள் அத்தையிடம் சொல்ல ஓடியே செலவழித்தாள். உள்ளேயிருந்து கத்தினாள்: "அப்பா, அத்தை ரூமுக்குள்ள நிறைய சூரியன் இருக்கு!"

ஓட்டு வீடு. ஜன்னலை அடைத்தவர் கூரையை மறந்துவிட்டார். ஓட்டு இடுக்குகள் வழியாக இறங்கிய வெளிச்சம் தரையிலும் கட்டிலிலும் எலுமிச்சம்பழ அளவில் விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வளையம். ஒன்று தங்கையின் புடவை மேலேயே. இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும் ஓட்டு வீட்டில் வெயில் வட்டமாகத்தான் விழும், பார்த்திருப்பீர்கள். அந்த வட்டம் ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். சூரியன் வளையமானால் அதுவும் வளையமாகும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, அம்மா வந்து பார்த்தார். "அடைச்ச வீட்டுக்குள்ளயும் வந்துருச்சா" என்றவர், கட்டிலை ஒரு அடி தள்ளிப் போடச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம். அவர் பயம் அவருக்கு.

அந்த நேரம் முற்றத்தில் இன்னொரு காட்சி. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை, பிடிமானமே இல்லாமல் நட்டுக்குத்தலாக நிற்கிறது. கிரகணம் விட்டதும் தானே விழும் என்பார்கள். அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்தது. நான் மகளிடம் பெரிய மனுஷன் போலச் சொன்னேன்: அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது, எந்த நாளில் வைத்தாலும் நிற்கும்.

"நீங்க நிறுத்திப் பாத்திருக்கீங்களா, அப்பா?"

இல்லை. எங்கோ படித்ததுதான். அம்மா அவருடைய அம்மா சொன்னதை நம்புகிறார், நான் எவரோ எழுதியதை நம்புகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?

மறுநாள் காலை அதே தாம்பாளம், அதே உலக்கை. வைத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே ரசித்தார். ஆறாவது தடவை என் காலில் விழுந்தது. ஏழாவது தடவை நின்றது. கைவிட்டுத் தள்ளி நின்றோம், அசையவில்லை. "நேத்து மொத தடவையே நின்னுச்சு" என்றார் அம்மா. மகள் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "நெஜமா மொத தடவையேவா, அப்பத்தா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதையெல்லாம் யாருடி எண்ணிக்கிட்டிருந்தா? நின்னுச்சு, அவ்வளவுதான்."

உலக்கை மதியம் வரை நின்றது. கிரகணமே இல்லாததால் விழ வேண்டிய நேரமும் அதற்குத் தெரியவில்லை போலும். கடைசியில் அம்மாவே எடுத்துச் சுவரோரம் சாத்தினார்.

1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாளில், "காலடியில எல்லாம் பாலா ஓடுதே?" என்று கேட்டு வரிசையிலேயே ஓர் அறை வாங்கியவன் நான். அதனாலேயே என் பிள்ளைக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. அவளுக்குத் தேவைப்பட்டது பதில் இல்லை, உலக்கை.

* * *

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. உங்கள் உலக்கையைப் படித்ததும் என் எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்து எலுமிச்சையை வெட்டினால் ரத்தம் போல வடியும்; பூவின் சாயம் புளிப்பு பட்டால் சிவக்கும். ஏழாம் வகுப்பில் செய்து காட்டி, குட்டையும் உடைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே ஒரு பையன் அதே கத்தியோடு தெருவில் இறங்கி, சின்னப் பிள்ளைகளுக்குக் குறி சொல்லி ஆளுக்கு ஒரு மிட்டாய் வசூல் செய்திருக்கிறான்! திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை. இப்போதெல்லாம் நான் குட்டை உடைப்பதே இல்லை. கத்தியையும் பழத்தையும் கொடுத்து, "நீங்களே கண்டுபிடிங்க" என்று விட்டுவிடுகிறேன். இரண்டு வகுப்பு வீணாகும், ஆகட்டும். ஒரு சந்தேகம்: உங்கள் தங்கை குழந்தை நலம்தானே?

* * *

நலம், டீச்சர். 2020 மார்ச்சில் பிறந்தாள், ஒரு குறையும் இல்லை. "நான் உள்ள உக்கார வச்சதாலதான்" என்பது அம்மாவின் கட்சி. வளையம்தான் புடவை மேலேயே விழுந்ததே என்று மகள் கேட்டால், "அதான் கட்டிலத் தள்ளிப் போட்டேன்ல" என்கிறார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்றும் ஊரில்தான் இருந்தோம். பதினொரு மணிக்கு மேல் நிலா செம்பு நிறமானபோது அம்மாவும் வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார். ஒன்றரை மணிக்கு எல்லாரையும் குளிக்கச் சொன்னார். மகள், "காலையில குளிக்கிறேன், அப்பத்தா" என்றாள்.

"சரி, காலையிலயாவது குளி."