கனவு இல்லத்துக்குப் பட்டா கேட்கிறார்கள், பட்டாவோ இறந்துபோன அப்பா பெயரில்

கீழத்தெரு:
வணக்கம். திண்டிவனம் பக்கம் கிராமம். அம்மா கூரை வீட்டில்தான் இருக்கிறார். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு எழுதிக் கொடுக்கப் போனால், பட்டா அம்மா பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நத்தம் மனை, பட்டா அப்பா பெயரில். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது, இறப்புச் சான்றிதழ் தவிர எதுவும் வாங்கவில்லை. நான், அண்ணன், திருப்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை என்று மூன்று பிள்ளைகள். இது போதாதென்று ஆதாரில் அம்மாவுக்குத் தாத்தா இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பா இனிஷியல். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஊர்க்கிணறு:
முத்திரைத்தாளில் மூன்று பேரும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு அதிலேயே வேலை முடிந்தது.

பழைய மணியம்:
அது சம்மதக் கடிதம், அவ்வளவுதான். அதை வைத்துப் பட்டா மாறாது.

முதலில் இனிஷியல். வாரிசுச் சான்றிதழில் ஏறுகிற பெயர்தான் பட்டாவிலும் ஏறும், பணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதனால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். அப்புறம் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து முடித்தால் வட்டாட்சியர் கொடுப்பார். தங்கை பெயரை விட்டுவிடாதீர்கள். கல்யாணமான மகளும் வாரிசுதான், விட்டால் பின்னால் சிக்கல்.

அதை வைத்துப் பட்டா மாற்றினால் வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வரும். அம்மா பெயரில் மட்டும் வேண்டுமானால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். அது செலவு பிடிக்கும். கூட்டுப் பட்டாவும் சம்மதக் கடிதமும் இருந்தால் ஏற்பார்களா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பத்திரம் எழுதப் போங்கள்.

அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறாரா?

கீழத்தெரு:
இருக்கிறார், சித்தப்பா வீட்டில். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஏன்?

பழைய மணியம்:
அப்பா உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. உங்கள் வீட்டில் ஐந்து பங்கு. பாட்டி பங்கை அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். தள்ளிப்போட்டால் அந்தப் பங்கு சித்தப்பா, அத்தை என்று போய்விடும், கையெழுத்துக்கு அத்தனை வீட்டு வாசலிலும் நிற்கணும். இனி இதில் கூட்டுப் பட்டா யோசனையே வேண்டாம், விடுதலைப் பத்திரமே மேல்.

பனங்காடு:
இன்னொன்று. பேப்பர் எல்லாம் தயார் என்று கூரையைப் பிரித்துவிடாதீர்கள். இது குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம், நேரில் வந்து பார்ப்பார்கள். கையில் வேலை உத்தரவு வரட்டும். வீடு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. அரசு தருகிற மூன்றரை லட்சமும் மொத்தமாக வராது, வேலை நடக்க நடக்கத்தான் வரும். அஸ்திவாரத்துக்குக் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழத்தெரு:
சரிங்க. பாட்டி விஷயம் யோசிக்கவே இல்லை. சித்தப்பாவிடம் இன்றைக்கே பேசுகிறேன். பாட்டிக்குக் கையெழுத்துப் போட வராதே, கைரேகை செல்லுமா?

பழைய மணியம்:
தாராளமாகச் செல்லும். ஆதாரும் இரண்டு சாட்சியும் கூட வரட்டும்.