டேட்டமா, பிரௌனா? தீர்த்து வையுங்கள்

நண்பர்களே, ஒரு பஞ்சாயத்து. 2024 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரில் டல்லாஸை 4-1 என்று பாஸ்டன் செல்டிக்ஸ் வென்றதே, அதில் சிறந்த வீரர் விருது ஜேலன் பிரௌனுக்குப் போனது சரியா? என் தம்பியும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் பிரௌனின் சக வீரர் ஜேசன் டேட்டம் கட்சி. புள்ளி, ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்) மூன்றிலும் அணியில் அவர்தான் முதலிடம். கடைசி ஆட்டத்தில் 31 புள்ளி, 11 அசிஸ்ட். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தம்பி விடுவதாயில்லை. "இரண்டாவது ஆட்டத்தைப் பார், டேட்டம் 22 முறை எறிந்து 6 தான் விழுந்தது" என்கிறான். (அன்று 12 அசிஸ்ட் கொடுத்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுவான்.) அப்புறம், அப்போது டல்லாஸின் நட்சத்திரமாக இருந்த லூக்கா டான்சிச்சை மடக்கும் வேலையைப் பெரும்பாலும் சுமந்தது பிரௌன்தானாம். அங்கேதான் எனக்கு வாய் அடைக்கிறது. விருதுக்கான வாக்கும் 7-4 என்று பிரௌன் பக்கம்தான்.

எனக்கு வேண்டியது இதுதான்: பிரௌன் காவலில் இருந்தபோது டான்சிச் எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது என்ற கணக்கு எங்கே கிடைக்கும்? தற்காப்பை நீங்கள் எப்படி எடைபோடுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வருகிறான், அதற்குள் சொன்னால் நல்லது.