மறுமொழி: ரீமாஸ்டர், ரீமிக்ஸ், சரவுண்ட் ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'ரீமாஸ்டர்' என்பதற்கு 'மறுமுதன்மையாக்கம்' என்ற சொல்லை முன்வைத்துத் தொடங்கிய இந்த இழையில், சொல்லின் நீளத்தையும் ஓசையையும் பற்றியே இதுவரை அதிகம் பேசப்பட்டிருக்கிறது. எனக்குள்ள தடை வேறு. பழைய ராக் இசைத்தொகுப்புகள், கேட்பவரைச் சுற்றிலும் இருந்து வரும் சரவுண்ட் ஒலியில் மறுவெளியீடு காணும்போது அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் 'ரீமாஸ்டர்' என்றே சொல்லிவிடுகிறார்கள். நாமும் முடிந்த கலவையைச் சீர்செய்வது (ரீமாஸ்டர்), மூலத் தடங்களை மீண்டும் கலப்பது (ரீமிக்ஸ்) என்ற இரண்டு தனித்தனி வேலைகளுக்கு ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வேலைகளைப் பிரித்துக்கொண்டால் சொற்கள் தாமாகவே பிரியும் என்பது என் எண்ணம்.

இதற்கு நல்ல சான்று கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பான 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'. 1969ஆம் ஆண்டு லண்டனின் வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒலிகளைத் தனித்தனியே பதியும் எட்டுத் தட நாடாவில் பதிவாகி, அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று வெளிவந்தது. குழுவின் இயன் மெக்டொனால்ட், மெல்லோட்ரான் என்ற விசைப்பலகை வாத்தியத்தையும் புல்லாங்குழலையும் சாக்சபோனையும் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போனதால் எட்டுத் தடங்கள் போதவில்லை. எனவே நிரம்பிய தடங்களைக் கலந்து, குறைந்த தடங்களாக வேறொரு நாடாவுக்கு மாற்றி, காலியான தடங்களில் மேலும் வாசித்தார்கள். (மெல்லோட்ரானின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஏறத்தாழ எட்டு நொடி ஓடும் ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கிறது. ஆக, அந்த வாத்தியத்தின் ஒலியே ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்குப் படியெடுக்கப்பட்டதுதான்.) இப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், தெளிவு குறையும்.

இவ்வாறு நிறைந்த பல்தட நாடாவை இடம், வலம் என்ற இரண்டு வழிகளுக்கு (ஸ்டீரியோ)க் கலந்து இறக்கியது அடுத்த கட்டம். இதில்தான் ஒரு பிழை நேர்ந்தது. கலவையைப் பதிந்த இருவழி நாடாக் கருவியின் பதிவுமுனை சரியாகப் பொருத்தப்படாமல் இருந்ததால் உச்ச அதிர்வெண்கள் மங்கின. சிறிது சிதைவும் சேர்ந்தது. அமெரிக்க வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்தபோது இதை ஈடுகட்டத் திருத்தப்பட்ட படி ஒன்று எடுக்கப்பட்டது. பிறகு பல்லாண்டுகள் இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் குறுந்தட்டுக்கும் அந்த இரண்டாம் படியே ஆதாரமாக இருந்தது. தொலைந்ததாகவே கருதப்பட்ட முதல் இருவழி நாடா, 2000களின் தொடக்கத்தில்தான் மீண்டும் கிடைத்தது. அதிலிருந்து செம்மை செய்த பதிப்பு 2004இல் வந்தது. அதுவே சரியான பொருளில் ரீமாஸ்டர்: முடிந்துபோன கலவையை எடுத்துக்கொண்டு, அதன் ஒலிநிறத்தையும் ஒலியளவையும் சீர்செய்து, வெளியீட்டுக்கு உரிய புதிய மூலத்தை உண்டாக்குவது. இந்த வேலையைச் செய்பவர் முரசை மட்டும் உயர்த்தவோ, குரலை மட்டும் இடப்பக்கம் நகர்த்தவோ முடியாது. பதிவுமுனையின் பிழையையும் அவர் தணிக்கலாமே தவிர, முற்றாக நீக்க முடியாது. ஏனெனில் பிழை அவர் கையில் இருக்கும் நாடாவிலேயே பதிந்திருக்கிறது.

தொகுப்பின் நாற்பதாம் ஆண்டையொட்டி 2009இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன், குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்புடன் இணைந்து செய்தது முற்றிலும் வேறு வேலை. அவர் இருவழி நாடாவை விட்டுவிட்டுப் பல்தட நாடாக்களுக்கே போனார். ஒன்றாகக் கலந்து மாற்றுவதற்கு முன்பிருந்த நாடாக்களையும் கணினியில் ஏற்றி ஒன்றுக்கொன்று காலம் பொருத்தியதால், 1969இல் ஒட்டிப்போன வாத்தியங்கள் தனித்தனியாக, முதற்படியின் தெளிவோடு கிடைத்தன. பழுதுபட்ட கருவி குறுக்கிடும் கட்டத்துக்கு முன்பே நின்றுவிடுவதால், அதன் பிழை இந்தப் புதிய கலவையைத் தொடவே இல்லை. பிழைமலிந்த படியைத் திருத்துவதற்கும், அந்தப் படிக்கு முந்தைய ஏட்டுச்சுவடியைத் தேடிப் பிடித்துப் புதிதாகப் பதிப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

5.1 எனப்படும் சரவுண்ட் வடிவமும் இதனால்தான் கைகூடியது. வாத்தியங்கள் தனித்தனியே இருந்தால்தான் எதை முன்னே நிறுத்துவது, எதைப் பின்னே கொண்டுபோவது என்று தீர்மானிக்க முடியும். வில்சன் மூலக் கலவையின் சமநிலையை மதித்தே நடக்கிறார். முரசும் பாஸ் கிதாரும் முன்னிருந்து வர, மெல்லோட்ரான் அடுக்குகள் கேட்பவரைச் சூழ்ந்து பின்புறம்வரை பரவுகின்றன. இருவழிப் பதிப்பில் ஒரே திரையாகக் கேட்ட அந்த ஒலி, இதில் பல இழைகளாகப் பிரிந்து கேட்கிறது. ஆனாலும் இது புதியவர் ஒருவர் எடுத்த முடிவுகளின் தொகுப்புதான் என்பதை மறக்கக்கூடாது. 'மூன்சைல்ட்' பாடலின் பிற்பகுதியில் வரும் நீண்ட தன்னியல்பு வாசிப்பில் சில நிமிடங்கள் 2009 பதிப்பில் குறைக்கப்பட்டன. அந்த வெட்டு தேவையற்றது என்பது என் கருத்து. ஆனால் அதை விரும்புவோரும் இருக்கிறார்கள். எப்படியாயினும், இத்தகைய மாற்றம் கொண்ட ஒன்றை 'ரீமாஸ்டர்' என்று அழைப்பது வாசகருக்குத் தவறான தகவலைத் தருகிறது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். 'முதன்மை' என்பது தலைமையைக் குறிக்கும் சொல். ஒலிப்பதிவில் மாஸ்டர் என்பது பிற படிகள் எல்லாம் எதிலிருந்து பிறக்கின்றனவோ அந்தப் படி. இதற்குத் 'தாய்ப்படி' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். தாய்ப்பத்திரம் என்ற வழக்கை நினைவூட்டும் அழகிய சொல்தான். ஆனால் இசைத்தட்டு ஆலையில் இது சிக்கலாகும். அரக்குத் தட்டில் வெட்டியதிலிருந்து எடுக்கும் உலோக எதிர்ப்படி, அதிலிருந்து எடுக்கும் நேர்ப்படி, அதிலிருந்து எடுக்கும் அழுத்தச்சு என்ற வரிசையில், நடுவிலுள்ள நேர்ப்படியைத்தான் அத்தொழிலில் 'தாய்' என்கிறார்கள். எனவே மாஸ்டருக்கு 'மூலப்படி' போதும். அதை ஆயத்தம் செய்யும் வேலைக்கு 'ஒலிச்செம்மை' என்றும், ரீமாஸ்டருக்கு 'மறுசெம்மை' என்றும் முன்மொழிகிறேன். 'மூலப்படியாக்கம்' என்றால் மறுமுறை செய்வதை 'மறுமூலப்படியாக்கம்' என்று சொல்ல நேரும். அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

ரீமிக்ஸுக்கு 'மறுகலவை' என்பது எளிதாக வருகிறது. 'ஒலிக்கலவை' ஏற்கெனவே திரைப்படப் பெயர்ப்பட்டியலில் புழங்கும் சொல்தான். இதற்கு எதிராக அம்மையார் ஒருவர் எழுப்பிய தடை வலுவானது. தமிழில் ரீமிக்ஸ் என்றாலே பழைய பாடலைப் புதிய தாளத்தோடு மீண்டும் இசைப்பது என்றே பொருளாகிவிட்டது. 'படகோட்டி'யின் 'தொட்டால் பூ மலரும்' 2004இல் 'நியூ' படத்திலும், 'சொர்க்கம்' படத்தின் 'பொன்மகள் வந்தாள்' 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்திலும் வந்தது அப்படித்தான். மறுகலவையில் ஒரு சுரம்கூடப் புதிதாக வாசிக்கப்படுவதில்லை. ஆகவே அந்தத் திரைவழக்குக்கு 'ரீமிக்ஸ்' என்ற கடன்சொல்லையே விட்டுவிட்டு, மூலத் தடங்களை மீண்டும் கலப்பதற்கு மட்டும் 'மறுகலவை' என வரையறுத்துக்கொள்ளலாம்.

சரவுண்டுக்குச் 'சூழொலி' நன்றாக இருக்கிறது. 'சுற்றொலி' சுழலும் ஒலி என்ற மயக்கத்தைத் தரும். ஆனால் நம் குழுமத்தின் சொற்பட்டியலில் டிராக், சேனல் இரண்டுக்கும் 'தடம்' என்றே இருப்பதை மாற்றியாக வேண்டும். பதிவாவது தடம், ஒலிபெருக்கிக்குப் போவது வழி. எட்டுத் தடங்களில் பதிந்த ஒன்று இரு வழிகளிலும் வெளிவரலாம், 5.1 அமைப்பிலுள்ள ஐந்து முழு வழிகளிலும் ஒரு தாழ்ஒலி வழியிலும் வெளிவரலாம். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது. 1970களில் வந்து ஓய்ந்த, நான்கு வழிகள் கொண்ட குவாட்ரபோனிக் முறையையும் 'நால்வழி ஒலி' என்று தடையின்றிச் சொல்லிவிடலாம். உயரத்தையும் கணக்கில் கொள்ளும் டால்பி அட்மாஸில் ஒலிகள் வழிக்குக் கட்டுப்படாமல் இடக்குறிப்போடும் வருகின்றன. அங்கும் 'சூழொலி' என்ற பொதுப்பெயர் பொருந்தும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்பு நான்கு தட நாடாவில் பதிவானது. ஒரே தடத்தில் ஒட்டியிருந்த வாத்தியங்களைக் கணினி நிரலால் பிரித்தெடுத்தபின்தான் 2022இல் அதன் புதிய கலவை செய்யப்பட்டது. இதைப் பழைய நாடாவுக்குத் திரும்புவது என்று சொல்ல முடியாது. அப்படித் திரும்புவதற்கு வாத்தியங்கள் தனித்தனியே பதிவான நாடாவே அங்கு இல்லை. முடிவை 'மறுகலவை' எனலாம், ஆனால் அதற்கு முந்தைய பிரிப்புக்குத் தனிச்சொல் வேண்டும். 'கலவைநீக்கம்' என்றால் கலப்படம் நீக்குவது போல ஒலிக்கிறது. 'தடப்பிரிப்பு' எனக்குச் சரியாகப் படுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.