கில்மரின் அடுத்த ஆல்பம், அட்டைப்படம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டேம்கரை (கிருஷ்ணகிரி)
2024 செப்டம்பரில் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ ஆல்பம் வந்த சூட்டிலேயே, அடுத்ததற்கும் சீக்கிரம் ஸ்டுடியோவுக்குப் போக ஆசை என்று பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிதார்காரர் டேவிட் கில்மர் பேட்டிகளில் சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழு தூங்குவதே இல்லை, ஆளாளுக்கு ஏஐ-யில் ஒரு அட்டைப்படம் செய்து ‘லீக் ஆயிடுச்சு’ என்று அனுப்புகிறார்கள். அட்டையில் எழுத்தே இருக்காது, 1970-ல் பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் அட்டையில் போட்ட மாடு போலத்தான் வரும் என்று நான் பந்தயம் கட்டினேன். அந்த மாட்டையே பெரிதாக அடித்து ரூமில் மாட்டலாம் என்று ரவுண்டானா பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “எருது விடுற விழாவுக்கா தம்பி? இது பசுவாச்சே. சரி, ஊர் பேரு எங்க வரணும், குழு போட்டோ எத்தனை?” என்றார். எதுவும் வேண்டாம்ணா, மாடு மட்டும் போதும் என்றேன். “பேரே இல்லாம யாருதுன்னு எப்படித் தெரியும்?”

இன்னும் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு இஎம்ஐ ரெக்கார்ட் கம்பெனிக்காரர்களும் இப்படித்தான் அலறினார்கள் என்று அட்டையைச் செய்த ஸ்டார்ம் தோர்கர்சன் சொல்வார்.

பால் சொசைட்டி (பாலக்கோடு)
அந்த அட்டை மாடு ஃப்ரீசியன், எங்கள் சொசைட்டியில் எச்எஃப் என்போம். பெயர் லுலுபெல். எனக்குச் சொல்ல அனுபவம் எதுவும் இல்லை, ஆனால் ஏஐ படத்தை எல்லாம் ‘லீக்’ என்று பரப்புகிறவர்களைப் பார்த்தால் எரிகிறது. பிங்க் ஃபிளாய்டின் 1975 அட்டைக்கு ஒரு ஸ்டண்ட்காரர் உடம்பில் நிஜத் தீ வைத்துக்கொண்டு நின்றார், காற்று திசை மாறி மீசை கருகியது. 1987 அட்டைக்கு இங்கிலாந்துக் கடற்கரையில் எழுநூறு கட்டில்களை நிஜமாகவே கொண்டுபோய் வரிசையாகப் போட்டார்கள், மழை வந்ததும் எடுத்துவிட்டு இன்னொரு நாள் திரும்பவும் போட்டார்கள். இவர்கள் ஒரு வரி டைப் அடித்துவிட்டு அட்டைப்படம் என்கிறார்கள்!

நைட்ஷிஃப்ட் (ஓசூர்)
சொசைட்டி அண்ணா, 1977 அட்டையில் பறக்கும் பன்றி வெட்டி ஒட்டியதுதானே? பன்றி பலூன் அறுந்து இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் விழுந்தது, அப்புறம் முந்தைய நாள் வானத்தில் பன்றியை ஒட்டினார்கள். அதனால் ரொம்ப ஆடாதீர்கள்.

என் கதை கில்மர் இல்லை, அதே குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ். 2002-ல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் திரும்பும்போது, பக்கத்தில் ராயக்கோட்டைக்காரர் ஒருவர். “அடுத்த ஆல்பம் அடுத்த வருஷம், அட்டை கூட ரெடி” என்று சத்தியம் செய்தார். நான் சிரித்ததும் என் டிக்கெட்டைப் பிடுங்கி, அத்திப்பள்ளி குலுக்கலில் கோணல்மாணலாக ஒரு சுவரும் அதில் ஒரு காதும் வரைந்து கொடுத்தார். 1992-க்கு அப்புறம் வாட்டர்ஸின் அடுத்த ராக் ஆல்பம் வந்தது 2017-ல் (நடுவில் ஒரு ஆபெரா, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்). அட்டையில் காதும் இல்லை, சுவரும் இல்லை, கறுப்பு மை அடித்து மறைத்த வரிகள்தான். ஆனால் அவர் சொன்னதில் எத்தனை உறுதி! டிக்கெட் இன்னும் இருக்கிறது.

சித்திரை வெயில் (காவேரிப்பட்டினம்)
பெங்களூரில் வாங்கிய அந்த 1975 ஆல்பத்தின் எல்பி ரெக்கார்டை என் மச்சான் டோல்கேட் பக்கம் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார், திரும்பி வந்தால் வெயிலில் வளைந்து அப்பளம். புதிய ஆல்பம் வாங்கப்போகும் எல்லோருக்கும் சொல்கிறேன், ரெக்கார்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வெளியில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள், அது நாளாக நாளாகச் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். 1975 ஆல்பம் கறுப்பு பிளாஸ்டிக்கில் வந்தது, இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஸ்டிக்கர் அதன்மேல் இருக்கும், அதை மட்டும் பிளேடால் பத்திரமாக அறுத்தெடுத்து வையுங்கள். தட்டை அட்டைக்குள் திணிக்காமல் பின்னால் தனி உறையில் வைத்தால் ஓரம் கிழியாது. ஈரத்துணி வேண்டாம். நம் ஊர் கிரானைட் தூசிக்கு மூடி இல்லாத பிளேயர் வாங்கவே வாங்காதீர்கள்.

நாலுரோடு (தர்மபுரி)
யாரும் கேட்கவில்லையே அங்கிள்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணன் ஒருவர், பிங்க் ஃபிளாய்டின் 1973 அட்டையில் வரும் பட்டகம் போட்ட பனியனில் நின்றார். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஆசையாகக் கேட்டேன். “பாட்டா? இது டிவி கம்பெனி பனியன்மா, கலர் நல்லா வரும்னு போட்டிருக்கான்.” அத்தனை எண்ணெய்க் கறையிலும் அந்த ஏழு... இல்லை, அட்டையில் ஆறு நிறம்தான், பளிச்சென்று இருந்தது. அதில் முன்பக்கம் பேரே கிடையாது, பேர் இல்லாமலே ஒகேனக்கல் வரை வந்துவிட்டது.

ஆனால் டேம்கரை பந்தயத்தில் தோற்பார். மாடு, பன்றி எல்லாம் குழுவின் அட்டைகள். 1978-ல் வந்த தனி ஆல்பத்தில் கில்மர் ஆளே நிற்கிறார். கடைசி ஆல்பத்தின் அட்டை ஆன்டன் கார்பைன் செய்தது, மகன் சார்லி எழுதிய ஒரு வரியிலிருந்து பிறந்தது. பாட்டு எழுதுவது மனைவி பாலி, பாடுவது மகள் ரோமனி. அடுத்த அட்டையும் வீட்டுக்குள்ளிருந்துதான் வரும்.

நைட்ஷிஃப்ட் (ஓசூர்)
வரட்டும், எப்போது என்பதுதானே கேள்வி. கில்மரின் கடைசி மூன்று தனி ஆல்பங்கள் 2006, 2015, 2024. ஒன்பது வருடத்துக்கு ஒன்று. இதே கணக்கில் 2033, அப்போது அவருக்கு 87.

நாலுரோடு (தர்மபுரி)
ராயக்கோட்டைக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள்.